மேட்ச் என்றால் திரி



இருக்கன்குடியிலிருந்து சாத்தூர், சிவகாசி போனால் 'மேட்ச் ஒர்க்ஸ்' பலகைகளைக் காண்கிறோம். நமக்கென்னவோ அது தீப்பெட்டி ஆபீஸ்தான்!

பிரெஞ்சு வழியாக இடைக்கால ஆங்கிலத்தில் புகுந்த 'மேட்ச்' முதலில் விளக்குத் திரியையே குறித்தது. பிறகு பீரங்கிக்கு நெருப்பு வைக்கும் கயிற்றுத் திரிக்கும், கந்தகம் தோய்த்த குச்சிக்கும் அப்பெயர் வழங்கிற்று. உரசிப் பற்றும் குச்சியை ஜான் வாக்கர் இங்கிலாந்தில் விற்றது 1827இல். ஜோடிப் பொருத்தத்தைச் சொல்லும் 'மேட்ச்' வேறு சொல், இதற்கு உறவன்று.

கல்கத்தாவில் தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். சொல்லும் கூடவே வந்தது.

நம்மில் மூத்தோர் பலர் பள்ளிக்குப் போகாமல் கட்டை அடுக்கியவர்கள். அவ்வேலையில் சிறுவரை அமர்த்துவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. வாசலில் இருந்த பலகையை எழுத்துக்கூட்டவும் அன்று நமக்குத் தெரியாது; இன்று பேரப்பிள்ளைகள் வாசித்துக் காட்டுகிறார்கள்.