முகிலில் தொங்கும் திறவுகோல்



முகில் என்னும் சொல் செவிக்கு இனியது. ஆனால் கணிப்பொறியார் பேசும் முகில் வானத்தில் இல்லை. அஃது எங்கோ ஒரு நாட்டில், திண்ணிய சுவர்களுக்குள், குளிரூட்டப் பெற்று, அடுக்கடுக்காக நிற்கும் பிறர் கணிப்பொறிகளின் கூட்டம். பெயர் மென்மையானது என்பதற்காகப் பொருளும் மென்மையானது என்று கொண்டுவிடல் ஆகாது. இற்றைநாளில் ஒரு பள்ளியின், ஒரு மருத்துவமனையின், நூறு கிளைகள் கொண்ட ஒரு வணிக நிலையத்தின் வலையம் முழுவதையும் திறந்து மூடும் திறவுகோல் அந்த முகிலில் தொங்குகின்றது. அதனை யார் எடுக்கின்றார், எடுத்தவர் போனபின் அஃது எவர் கையில் இருக்கின்றது என்பதே இங்கு எண்ணத்தக்கது.

முன்னாளில் இந்நிலை இல்லை. ‘இரவுட்டர்’ என்று கடைத்தெருவில் வழங்கும் திசைவியாயினும், ‘சுவிட்சு’ எனப்படும் இணைப்புமாற்றியாயினும், ‘வைபை’ எனப்படும் அருகலையை வீசும் பெட்டியாயினும், அதனதன் கட்டளைகள் அதனதன் வயிற்றுக்குள்ளேயே இருந்தன. மாற்ற வேண்டுமாயின் வல்லுநர் ஒருவர் கம்பியும் கையுமாக அந்தப் பெட்டியின் அருகே செல்லல் வேண்டும். அல்லது அதற்கென அமைத்த வழியில் தொலைவிலிருந்து ஒவ்வொன்றாக நுழைதல் வேண்டும். நூறு கிளைகள் என்றால் நூறு முறை. களைப்பில் ஒன்றிரண்டு விடுபட்டுப் போவதும் உண்டு.

இம்முறையை மாற்றியவற்றுள் மெராக்கி என்பது பெயர்பெற்றது. அமெரிக்காவின் மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில், கேம்பிரிட்சு நகர வீட்டுக் கூரைகளில் அலைவாங்கிகளை நட்டு, ஒன்றோடொன்று பேசும் கம்பியில்லா வலையம் ஒன்றை ஆய்வு மாணவர்கள் அமைத்தனர். கூரைவலை என்னும் பொருள்படும் பெயரே அதற்கு இட்டனர். 2005-இல் வெளிவந்த அவர்தம் ஆய்வுரையில் 37 கணுக்கள் கூறப்பட்டுள்ளன. அவ்வாய்விலிருந்து சஞ்சித் பிசுவாசு, சான் பிக்கெட் ஆகியோர் இன்னொருவரோடு கூடி 2006-இல் மெராக்கி நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். நெஞ்சம் முழுவதையும் செலுத்திச் செய்தல் என்பது அக்கிரேக்கச் சொல்லின் கருத்து. பெயரிடும்போது தம் கருவிக்குப் பொருளுள்ள சொல்லைத் தேடிய அவ்விளைஞர்களைப் பாராட்டலாம். 2012-இல் சிசுக்கோ நிறுவனம் அதனை 120 கோடி தாலருக்கு வாங்கியது.

அம்முறை இயங்கும் வகை இது: பெட்டிக்கு ஒரு தொடர்எண் உண்டு. ஆள்வோர் அவ்வெண்ணை முகிலில் உள்ள கட்டளைப் பலகையில் தம் பெயரில் பதிந்து கொள்கின்றார். தொலைவிலுள்ள கிளையில் யாரோ ஒருவர் பெட்டியைப் பிரித்து மின்னையும் இணையக் கம்பியையும் செருகினால் போதும்; அது தானே முகிலை அழைத்து, மறைமொழியாக்கிய வழியொன்றைத் திறந்து, தனக்குரிய கட்டளைகளைக் கேட்டுப் பெற்றுக்கொள்கின்றது. செருகியவருக்கு வலையக் கல்வி எதுவும் வேண்டியதில்லை. மக்கள் அனுப்பும் மடல்களும் படங்களும் அந்த ஆளுகை வழியே முகிலுக்குப் போவதில்லை. ஆணைகளும் நிலைச் செய்திகளும் மட்டுமே போய்வருகின்றன. ஆதலால் முகிலோடு தொடர்பு அறுந்தாலும், பெட்டி முன்னர்ப் பெற்ற கட்டளைப்படி வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஆனால் அந்நேரத்தில் அதன் ஒழுங்கை மாற்ற இயலாது. ஓடும் வண்டி ஓடும். திருப்பும் கை மட்டும் இராது.

நன்மை பெரிது, மறுப்பார் இலர். ஒரே வார்ப்பில் கட்டளைகளை எழுதி நூறு கிளைகளையும் அவ்வார்ப்போடு பிணைத்துவிடலாம். பின்னர் வார்ப்பில் ஒரு வரியைத் திருத்தினால் நூறு இடங்களிலும் திருந்தும். பிழையாக எழுதினால் நூறு இடங்களிலும் பிழைபடும். இதனால்தான் அறிந்த ஆள்வினையாளர் புதிய மாற்றத்தை முதலில் ஒரு சிறு கிளையில் இட்டுப் பார்க்கின்றனர். முகிலை அடையும் வழியையே அடைத்துவிடும் மாற்றத்தைச் செய்தாலும், பெட்டி சிறிது பொழுது முயன்று பார்த்து, முன்பு நன்றாக இயங்கிய கட்டளைக்கே திரும்பிக் கொள்ளும் ஏற்பாடு உண்டு. செய்தவன் மறந்தாலும் பொறி மறவாத இந்த ஏற்பாடு அழகியது.

இனி, உரிமைகளைப் பகிர்தல். இங்கேதான் பெரும்பாலார் வழுக்குகின்றனர். அமைப்பு முழுவதையும் ஆளும் முழுவுரிமை, ஒரு கிளை வலையத்தை மட்டும் ஆளும் உரிமை, பார்க்க மட்டுமே இசையும் உரிமை, விருந்தினர்க்கு அருகலை நுழைவு தர மட்டும் இசையும் உரிமை எனப் படிகள் உள்ளன. படிகளைச் செய்து தந்திருக்க, எல்லார்க்கும் முழுவுரிமையையே வழங்கிவிடும் அலுவலகங்கள் எத்துணை! ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், அதனை ஐவர் அறிந்திருத்தல் இன்னும் கொடிது. எவர் எந்நாளில் எதனை மாற்றினார் என்று எழுதிவைக்கும் மாற்றக் குறிப்பேடு அப்பலகையிலேயே உண்டு. ஐவர்க்கும் ஒரே பெயராயின் அக்குறிப்பேடு ஊமைச் சான்றாகி விடுகின்றது. கடவுச்சொல்லோடு கைப்பேசியில் தோன்றும் எண்ணையும் கேட்கும் இரட்டைக் காப்பினை இயக்காமல் விடுவது, தெருக்கதவைச் சாத்திவிட்டுத் தாழிடாமல் உறங்குவதாகும். மென்பொருள்கள் தாமே ஆணையிடுதற்கென வழங்கும் நீண்ட மறைக்குறியும் ஒரு திறவுகோலே. அதற்குப் பிறப்பித்தவரின் உரிமை முழுதும் உண்டு; ஒரு தாளில் எழுதி ஒட்டத்தக்கது அன்று.

தம் வீட்டை இவ்வளவு காத்தும், முகிலை நடத்துவோர் கையில் பிழை நேர்வதுண்டு. 2017 ஆகசுட்டு 3-ஆம் நாள் மெராக்கியின் பொறியாளர் செய்த ஒரு மாற்றத்தால், வட அமெரிக்கச் சேமிப்பகத்தில் பயன்கொள்வோர் ஏற்றி வைத்திருந்த கோப்புகள் பல அழிந்தன. கட்டடத் தள வரைபடங்கள், பெட்டிகளை எங்கே பொருத்தினர் என்று காட்டும் ஒளிப்படங்கள், வரவேற்புப் பக்க வடிவங்கள், நிறுவன முத்திரைகள் எனப் பல போயின. வலையத்தின் கட்டளைகள் அழியவில்லை, வலையங்கள் ஓடின. ஆனால் தள வரைபடத்தின் படியொன்றைத் தம் கையில் வைத்திராதவர் மீண்டும் வரைய வேண்டியதாயிற்று. 2023 திசம்பர் 13-இல் யூபிகுவிட்டி என்னும் மற்றொரு நிறுவனத்தில் நிகழ்ந்தது இதனினும் உறுத்துவது. முகில் அமைப்பை மேம்படுத்தும்போது, 1,216 கணக்குகள் வேறு 1,177 கணக்குகளோடு தவறாகப் பிணைக்கப்பட்டன. ஒருவர் வீட்டுக் காவற்படக் கருவியின் காட்சி முன்பின் அறியாத இன்னொருவர் கைப்பேசியில் வந்து நின்றது. பூட்டு உடைக்கப்படவில்லை, கடவுச்சொல் களவு போகவில்லை. திறவுகோல் ஆள்மாறித் தரப்பட்டது.

வெளியார் முகில் வேண்டா, தம் வலையத்தைத் தாமே ஓரிடத்திலிருந்து ஆள்வோம் என்பார்க்கும் அச்சம் நீங்கவில்லை. 2021 அக்டோபர் 4-ஆம் நாள் முகநூல் நிறுவனம் ஏறத்தாழ ஆறு மணிநேரம் உலகின் கண்ணிலிருந்து மறைந்தது. தன் முதுகெலும்பு வலையத்தின் கொள்ளளவைக் கணிக்க இட்ட ஒரு கட்டளை, வலையம் முழுவதையும் துண்டித்தது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சரிபார்ப்புக் கருவியிலும் ஒரு வழு இருந்தது. சீர்செய்யச் சென்ற பொறியாளரின் கருவிகளும் அதே வலையத்தை நம்பியவையே. ஆதலின் ஆட்களை நேரில் அனுப்பினர். அங்கே எளிதில் எவரும் நுழைதல் ஆகாது என்று அந்நிறுவனமே அமைத்த காவல், தன் ஆட்களையும் காலந்தாழ்த்தியது. ஒவ்வொரு பெட்டியிலும் முகிலின் துணையின்றி அருகிலிருந்து திறந்து பார்க்கும் உள்வாயில் ஒன்று உண்டு. அதன் கடவுச்சொல்லை முகிலுக்குள்ளேயே எழுதி வைத்திருப்பார்க்கு அதனால் என்ன பயன்?

எஞ்சியது உரிமத்தின் கதை. இப்பெட்டிகளை விலைகொடுத்து வாங்கினாலும் உரிமம் தனியே வாங்கல் வேண்டும். மெராக்கியில் நெடுங்காலம் வழங்கிவரும் ஒரு முறையில், அமைப்பின் எல்லாப் பெட்டிகட்கும் ஒரே முடிவுநாள். புதிய உரிமம் ஒன்று சேர்ந்தால் அந்நாள் மீண்டும் கணக்கிடப்பட்டு நகர்கின்றது. ஆதலின் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்டால் போதாது. முடிவுநாள் கடந்தால் 30 நாள் தவணை. அதுவும் கடந்தால் பெட்டிகள் எல்லாம் செய்தி கடத்துவதை நிறுத்திவிடும். மின் உண்டு, கம்பி உண்டு, பெட்டியும் பழுதின்றி உண்டு. வலையம் மட்டும் இல்லை. அந்நாள் நெருங்குகின்றது என்னும் எச்சரிக்கை மடலும் தவறாமல் வரும். யார்க்கு? பலகையில் ஆள்வோர் எனப் பெயர் பதிந்திருப்பவர்க்கு. அவர் பணியை விட்டுச் சென்று ஈராண்டாகியும் பெயரை மாற்றுவார் இன்மையால், திறப்பாரின்றி மூடிக்கிடக்கும் அவரது பழைய அஞ்சற்பெட்டிக்குள் அம்மடல் போய் விழுகின்றது.