மன்னிக்கும் கரமும் தண்டிக்கும் மன்றமும்

தோழர்களே! மன்னன் மனம் வைத்தால் கொலையாளிக்கும் விடுதலை; இது முடியாட்சி மரபு. முடியாட்சியை உதறிய அமெரிக்கரும், 1787-இல் தீட்டிய அரசியல் சட்டத்தில், மன்னிக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவரிடமே ஒப்படைத்தனர். ஆயினும் ஒரு பூட்டுப் போட்டனர்: பதவி நீக்க விசாரணையில் அம்மன்னிப்பு செல்லாது!

குற்றம் சாட்டுவது பிரதிநிதிகள் சபை. சாதாரணப் பெரும்பான்மை போதும். தீர்ப்பளிப்பது செனட் சபை; அங்கே மூன்றில் இரு பங்கு வாக்குகள் வேண்டும். 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே வாக்கில் தப்பினார். இன்றுவரை எந்தத் தலைவரையும் செனட் நீக்கியதில்லை.

பூட்டு இருந்தும் வழி கிடைத்தது எப்படி? எண்ணிப் பாருங்கள்! வாட்டர்கேட் ஊழலில் சிக்கிய நிக்சன், சபை வாக்களிக்குமுன்பே, 1974 ஆகஸ்டு 9-இல் பதவி விலகினார். அடுத்து அமர்ந்த ஃபோர்டு, செப்டம்பர் 8-இல், வழக்கே தொடரப்படாத அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார். பதவி போயிற்று, குற்றவாளிக் கூண்டோ அவரைக் காணவேயில்லை!

1976 தேர்தலில் ஃபோர்டு தோற்றார்; அந்த மன்னிப்பும் ஒரு காரணம் என்பர். செனட்டில் நிற்காத வழக்கு, வாக்குச்சாவடியில் நின்றது!

தோழர்களே, சட்டம் தருவது பூட்டு மட்டுமே. காவல் நிற்க வேண்டியவர்கள் மக்கள். அவர்களை விழிப்புடன் வைத்திருப்பதே நம் பணி!