முகத்தைக் காட்டும் வில்லை

1840-இல் வியன்னா நகரில் பெட்சுவல் என்னும் கணித அறிஞர், முகப்படத்திற்கெனவே ஒரு கண்ணாடி வில்லையை வகுத்தார். அது மிகுந்த ஒளியை உட்கொண்டமையால், படத்திற்காக நிமிடக்கணக்கில் அசையாதிருந்த மக்களின் துன்பம் தணிந்தது.

கல்கத்தாவிற் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார்க்கு 1863-இல், தம் 48-ஆம் அகவையில், மகளும் மருமகனும் ஒளிப்படக் கருவியொன்றைப் பரிசளித்தனர். அதிலும் பெட்சுவல் வகை வில்லையே இருந்தது. உறவினரையும் வீட்டுப் பணிப்பெண்களையும் அமர்த்தி அவர் படமெடுத்தார். பின்னாளில் இலங்கையில் வாழ்ந்து, அங்குள்ள மக்களையும் படமெடுத்து, 1879-இல் அங்கேயே மறைந்தார்.

மரக்காணத்து உப்பளக் கரையில் வாழும் எனக்கும் மகன் 85 மில்லிமீட்டர் வில்லையொன்றை அளித்துள்ளான். உப்புக் குவியல்களின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும். அவ்வொளியில் எவர் முகமும் சுருங்கிவிடும். ஆகவே மாலையில் திண்ணை நிழலில் மனைவியை அமர்த்தினேன். ஆறடி தள்ளி நின்று, வில்லையின் துளையை அகலத் திறந்து, அவள் கண்மேல் கூர்மையை நிறுத்தினேன். துளை அகன்றால் தெளிவு ஒரு மெல்லிய தளத்தில் மட்டுமே நிற்கும். பின்னிருந்த சுவரும் துணிக்கொடியும் மங்கிக் கரைந்தன. முகம் மட்டும் நின்றது.

எங்கள் குடும்பப் படங்களிலெல்லாம் பேரப்பிள்ளைகளை முன்னிறுத்தித் தான் பின்வரிசையில் மறைந்தவள் அவள். படத்தை நெடுநேரம் நோக்கி, “இத்தனை நரையா?” என்றாள். பின்னர், “கூடத்தில் மாட்டுங்கள்” என்றாள்.

நேயர்களே, புது வில்லை வாங்கினால், வீட்டில் எப்போதும் ஓரத்தில் நிற்பவரை முதலில் அமர்த்துங்கள்.