அமைச்சருக்குத் தகுதி எது? அமெரிக்க நியமனச் சர்ச்சைகளும் நாமும்

(கட்சிக் கல்வி முகாமில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



டிரம்பின் இரண்டாவது அமைச்சரவையைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நிகழ்ச்சி நிரலில் இந்த அமர்வுக்குக் ‘கோமாளிகளின் அமைச்சரவை’ என்று தலைப்பிட்டிருக்கிறார்கள். அந்தத் தலைப்பில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் அமைச்சர்களைச் செயலர்கள் என்று அழைக்கிறார்கள். அதிபர் பரிந்துரைக்கிறார், செனட் சபை ஒவ்வொருவரையும் விசாரித்து, தனித்தனியாக வாக்களித்து ஒப்புதல் தர வேண்டும். அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் செயலர்களுக்குக் கல்வித் தகுதியையோ துறை அனுபவத்தையோ விதிக்கவில்லை. எனவே ‘இவர் தகுதியானவரா’ என்ற கேள்வி அங்கே சட்டக் கேள்வியாக இல்லாமல் முழுக்க அரசியல் கேள்வியாகவே இருக்கிறது. 2013 நவம்பரில் ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மையே விதியை மாற்றியதால், இந்த நியமனங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றாயிற்று.

2025 ஜனவரியில் உலகம் முழுவதும் பேசப்பட்ட பெயர் பீட் ஹெக்செத். தொலைக்காட்சித் தொகுப்பாளர், முன்னாள் தேசியக் காவல்படை அதிகாரி. ஆண்டுக்கு ஏறத்தாழ 85,000 கோடி டாலர் செலவிடும் பாதுகாப்புத் துறைக்கு அவரைப் பரிந்துரைத்தார் டிரம்ப். ஜனநாயகக் கட்சியினர் அவருடைய குடிப்பழக்கம் பற்றிய புகார்களையும், பெண்கள் தொடர்பான குற்றச்சாட்டையும், நிர்வாக அனுபவம் இல்லாமையையும் முன்வைத்துத் தாக்கினார்கள். குடியரசுக் கட்சியினர் மூவர் எதிர்த்து வாக்களித்தனர். 50-50 என்று நின்ற வாக்கைத் துணை அதிபர் வான்ஸ் தம் ஒரு வாக்கால் முடித்துவைத்தார். அந்த விசாரணை அறையில் காசாவைப் பற்றி உரக்கக் குரல் எழுப்பியவர்கள் பார்வையாளர் வரிசையில் இருந்தார்கள். காவலர்கள் அவர்களை வெளியே இழுத்துச் சென்றார்கள். உள்ளே விவாதம் தொடர்ந்தது: இந்த மனிதர் அந்த ராணுவத்தை நடத்தத் தகுதியானவரா? அந்த ராணுவம் உலகில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது ஜனநாயகக் கட்சியின் வழக்காக இருக்கவில்லை.

இதே வாரங்களில் ‘தகுதியானவர்கள்’ எப்படிக் கடந்துபோனார்கள் என்று பாருங்கள். வெளியுறவுக்கு மார்கோ ரூபியோ: 99-0. பெர்னி சாண்டர்ஸ் உட்பட ஒருவர்கூட எதிர்க்கவில்லை. நிதித் துறைக்கு ஹெட்ஜ் ஃபண்ட் முதலாளி ஸ்காட் பெசன்ட்: 68-29. எரிசக்தித் துறைக்கு, பாறைகளை உடைத்து எண்ணெய், எரிவாயு எடுக்கும் தொழிலுக்குச் சேவை செய்யும் நிறுவனத்தின் தலைவர் கிறிஸ் ரைட்: 59-38. இவர்களுக்குப் பட்டம் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, பேச்சில் நாகரிகம் இருக்கிறது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரிச் சட்டம் செல்வந்தர்களுக்குச் சலுகையை அள்ளித் தந்தது. ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டை வெட்டியது. அதற்காக உழைத்தவர்களில் முன்னணியில் நின்றவர் இந்தத் தகுதியுள்ள நிதியமைச்சர்.

எனக்கு இதில் அதிகம் கற்றுத்தந்தது தொழிலாளர் துறையின் நாற்காலிதான். அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2017இல், தம் முதல் ஆட்சியில், டிரம்ப் அந்த நாற்காலிக்கு ஆண்ட்ரூ பஸ்டரைப் பரிந்துரைத்தார். துரித உணவுச் சங்கிலி ஒன்றின் தலைமை நிர்வாகி. குறைந்தபட்சக் கூலி உயர்வுக்கு எதிராகப் பேசிவந்தவர். மணிக்கு 15 டாலர் கேட்டுப் போராடிவந்த உணவகத் தொழிலாளர்கள், அவருடைய உணவகங்களின் வாசல்களிலேயே கூடினார்கள். அவருக்கு நிர்வாக அனுபவம் இல்லையென்று அவர்கள் சொல்லவில்லை. ‘எங்கள் கூலியைத் திருடும் தொழிலின் தலைவரே எங்கள் துறைக்கு அமைச்சரா?’ என்று கேட்டார்கள். பிப்ரவரி 15 அன்று பஸ்டர் விலகினார். குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் சிலரை நழுவச் செய்ததில் வேறு காரணங்களும் உண்டு. ஆவணமற்ற குடியேறி ஒருவரை வீட்டு வேலைக்கு வைத்திருந்தது வெளிவந்தது அவற்றில் ஒன்று. வெற்றி முழுவதையும் தொழிலாளர் கணக்கில் எழுதினால் அது மிகை. ஆனாலும் அந்த நியமனத்தை ஒரு வர்க்கக் கேள்வியாக மாற்றியவர்கள் அவர்களே.

பிறகு நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். அவருக்குப் பதிலாக வந்தவர் அலெக்சாண்டர் அகோஸ்டா. முன்னாள் அரசு வழக்கறிஞர், சட்டக் கல்லூரியின் தலைவர். தகுதிப் பட்டியலில் குறை சொல்ல இடமில்லை. 60-38 என்று எளிதாகக் கடந்தார். இரண்டே ஆண்டுகளில், 2019 ஜூலையில் பதவி விலக நேர்ந்தது. 2008இல் ஜெஃப்ரி எப்ஸ்டீன் என்ற பெரும் பணக்காரக் குற்றவாளிக்குச் சலுகை ஒப்பந்தம் அளித்த அரசு வழக்கறிஞர் அவர்தான் என்பதே காரணம். அந்த ஒப்பந்தமும் அவருடைய ‘அனுபவத்தில்’ அடங்கியதுதானே!

2023இல் அதே நாற்காலிக்கு பைடன் பரிந்துரைத்தவர் ஜூலி சூ. 1995இல் கலிஃபோர்னியாவின் எல் மாண்டியில், முள்கம்பி வேலிக்குள் அடைத்துவைத்து வேலை வாங்கப்பட்ட 70க்கும் மேற்பட்ட தாய்லாந்து தையல் தொழிலாளர்களுக்காக வழக்காடியவர். பின்னர் அந்த மாநிலத்தின் தொழிலாளர் ஆணையர். பிறகு தேசியத் துறையில் துணைச் செயலர். இதைவிடப் பொருத்தமான தகுதி எங்கே கிடைக்கும்? ஆனால் செயலி வழி நிறுவனங்களும் பெருமுதலாளிச் சங்கங்களும் அவருக்கு எதிராகத் திரண்டன. செனட்டில் பெரும்பான்மை வைத்திருந்தும், ஜனநாயகக் கட்சி தன் சொந்த வாக்குகளைத் திரட்ட முடியவில்லை. அவருடைய நியமனம் முழுச் சபையின் வாக்கெடுப்புக்கே வரவில்லை. ஆட்சி முடியும்வரை அவர் தற்காலிகப் பொறுப்பிலேயே இருந்தார். உழைப்பவர் பக்கம் நின்றவருக்குத் தகுதி எந்தப் பயனும் தரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, 2025இல் லோரி சாவேஸ்-டிரீமர். குடியரசுக் கட்சிக்காரர், எனினும் சங்கம் அமைக்கும் உரிமைக்கான மசோதாவை முன்பு ஆதரித்தவர். டீம்ஸ்டர்ஸ் சங்கத் தலைவரின் ஆதரவும் இருந்தது. ‘இருப்பவர்களில் இவர் நல்லவர்’ என்ற கணக்கில் ஜனநாயகக் கட்சியினர் 17 பேர் வாக்களிக்க, 67-32 என்று வென்றார். அந்த மசோதாவின் முக்கியப் பிரிவிலிருந்து அவர் விசாரணையின்போதே பின்வாங்கியிருந்தார். அந்த வாக்கெடுப்பு நடந்தது மார்ச் 10. அதே மார்ச் 27 அன்று டிரம்ப் ஓர் ஆணையின் மூலம், பல கூட்டாட்சித் துறைகளில் லட்சக்கணக்கான ஊழியர்களின் கூட்டுப்பேர உரிமையைப் பறித்தார். பதினேழு வாக்குகள் கொடுத்து வாங்கிய நல்லெண்ணம் பதினேழு நாள்கூட நீடிக்கவில்லை.

ஆகவேதான் ‘கோமாளிகள்’ என்ற சொல் எனக்கு உவப்பாயில்லை. அந்தச் சொல், திறமையான சுரண்டலை மன்னித்துவிடுகிறது. இன்னொரு தீங்கும் செய்கிறது: தகுதியை அளக்கும் கோலை ஆளும் வர்க்கத்தின் கையிலேயே விட்டுவைக்கிறது. பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவையை 1948இல் தொடங்கிவைத்த அமைச்சர் அனைரின் பெவன் 13 வயதில் பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் இறங்கியவர். மருத்துவர் சங்கம் அவரைக் கடுமையாக எதிர்த்தது. இன்றைய தகுதி வாதத்தின்படி அவர் அந்தத் துறைக்குள் நுழைந்திருக்கவே முடியாது.

நம் நாட்டுக்கு வருகிறேன். இங்கே அமைச்சர்களைத் தனித்தனியாக விசாரித்து வாக்களிக்கும் முறை நாடாளுமன்றத்துக்கு இல்லை. 1948 டிசம்பர் இறுதியில், தண்டனை பெற்றவர் அமைச்சராகக் கூடாது என்று அரசமைப்பிலேயே எழுத வேண்டும் என அரசமைப்பு அவையில் கே.டி.ஷா கோரினார். நோக்கம் நல்லதே என்று ஏற்றுக்கொண்ட அம்பேத்கர், அதைப் பிரதமர், சட்டமன்றம், விழிப்போடு பார்த்துக்கொண்டிருக்கும் பொதுமக்கள் ஆகியோரிடம் விட்டுவிடலாம் என்று பதில் சொன்னார். அந்த மூன்றாவது தரப்பு நாம்தான்.

தகுதி என்ற சொல் இங்கே யாருக்கு எதிராகத் திரும்பியது என்பதற்கு ஹரியானா சாட்சி. 2015இல் அங்குள்ள பாஜக அரசு பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் பொதுப்பிரிவு ஆண்களுக்கு 10ஆம் வகுப்பு, பெண்களுக்கும் தலித்துகளுக்கும் 8ஆம் வகுப்பு, தலித் பெண்கள் வார்டு உறுப்பினராக 5ஆம் வகுப்பு என்று நிபந்தனை விதித்தது. வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும், மின்கட்டண பாக்கி இருக்கக் கூடாது என்றும் சேர்த்தது. அதே டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. தலித் பெண்களில் பெரும்பகுதியினர் ஒரே சட்டத்தில் வெளியே தள்ளப்பட்டார்கள். பள்ளியை எட்டவிடாதது அரசு. தண்டனை அந்தப் பெண்களுக்கு.

2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் வைக்கப்பட்ட 130ஆவது திருத்த மசோதாவும் இதே தூய்மை மொழியில்தான் பேசுகிறது. ஐந்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றச்சாட்டில் கைதாகி, தொடர்ந்து 30 நாள் காவலில் இருந்தால் அமைச்சர் பதவி போய்விடும். தீர்ப்பு தேவையில்லை, ஒரு விசாரணை முகமையும் ஒரு மாதமும் போதும். இதைக் கேட்டு நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் ‘ஊழல்வாதிக்கு இது வேண்டியதுதான்’ என்ற குரலும் எழுகிறது. அந்தக் குரலை ஏளனம் செய்யாமல், பொறுமையாக உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு.

சுயவிமர்சனமாக ஒன்று. ஒன்றிய அமைச்சர்களின் பட்டங்களைக் கேலி செய்யும் படங்களை நம் தோழர்களே கைப்பேசிகளில் பரப்புகிறார்கள். நானும் சிலவற்றைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பொய்ச் சான்றிதழ் கொடுத்தவரை அம்பலப்படுத்துவது வேறு. அது நேர்மை பற்றிய கேள்வி. ‘படிக்காதவன் அமைச்சரா’ என்று கேட்டால், அந்தக் கேலி நம் கிளையில் அமர்ந்திருக்கும் விவசாயத் தொழிலாளித் தோழர்மீதுதான் போய் விழும்.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று 2019இலும், எஞ்சிய மூன்று 2020 செப்டம்பரிலும் நிறைவேறின. 2025 நவம்பர் 21 அன்று நான்கையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 300 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஆலையை அரசின் அனுமதியின்றி மூடலாம் என்று அதில் எழுதியவர்களுக்குச் சட்ட அறிவு இல்லையென்று யாராவது சொல்ல முடியுமா? உங்கள் பகுதியில் 100க்கு மேல் 300க்குள் தொழிலாளர் உள்ள ஆலைகள் எத்தனை என்று பட்டியல் எடுத்துவரச் சொல்லியிருந்தேன். உணவு இடைவேளைக்குப் பிறகு அதிலிருந்தே விவாதத்தைத் தொடங்குவோம்.