தொண்டை நோவும் இதய வால்வும்

மடத்துக்குளத்தில் என்னிடம் பயின்ற சிறுவனொருவன், தொண்டை நோவு கண்ட மூன்றாம் வாரத்தில் மூட்டு வீங்கி வந்தான். வளர்கிற பருவத்து வலியென்று அனுப்பிவிட்டேன். மருத்துவரோ வாதக் காய்ச்சல் என்றார்.

கிருமிகளுக்கு எதிர்ப்பொருள் ஆக்குபவை குருதியிலுள்ள பி அணுக்கள். அவற்றுள் சில நம் உடலையே பகையெனக் கருதும் இயல்பின. ஆயினும் ஏவுகின்ற டி அணுக்களின் துணையின்றி வாளாவிருக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் எம் புரதமோ இதயத்து மயோசினைப் பெரிதும் ஒத்தது. கிருமியைக் கண்டு கிளர்ந்த டி அணுக்கள், அவ்வொப்புமையால் உறங்கியவற்றையும் எழுப்பிவிடுகின்றன. கிருமி அழிந்தும் தாக்குதல் ஓயாது, வால்வு தழும்பேறும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது நேர்வதில்லை.

தொண்டை நோவுக்கு உரிய காலத்தில் பெனிசிலின் அளித்தால் தடுக்கலாம். ஒருமுறை வந்தோர்க்கு 21 நாளுக்கொரு ஊசி, பல்லாண்டுகள். ஊசி நாள்களில் அவன் காலை வகுப்புக்கு வாராவிடினும், வந்ததாகவே பதிவேட்டில் குறித்தேன்.