வைத்தலும் ஓடுதலும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆவடியிலிருந்தும் அம்பத்தூர், பூவிருந்தவல்லிப் பகுதிகளிலிருந்தும் வந்து கூடியிருக்கும் வட்டத்து அன்பர்களே!

'சொல்லும் பொருளும்' என்னும் தலைப்பில் உரையாற்றுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். அது கடல் போன்ற தலைப்பு. அதில் இரண்டு சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் ஆங்கிலச் சொற்கள்: ஒன்று 'செட்', மற்றொன்று 'ரன்'. தமிழ் மேடையில் ஆங்கிலச் சொற்களுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நம் வட்டாரத்தில் இவ்விரு சொற்களுக்கும் அன்றாடம் வேலை இருக்கிறது. தொழிற்பேட்டையில் லேத்தின் முன் நிற்கும் தொழிலாளி, "செட்டிங் முடிந்தது, இனி ரன் பண்ணலாம்" என்கிறார். இயந்திரத்தின் வாழ்வு முழுவதும் இவ்விரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. நம் வட்டத்துக் கவிஞர் பலரின் பகற்பொழுதும் அப்படித்தான் கழிகிறது. மாலையில் கவிதை எழுத உட்காரும்போது இச்சொற்கள் கூடவே வந்து அமர்கின்றன. ஆகவே இவற்றை ஆராய்வது நமக்குப் புறம்பானதன்று.

ஆங்கிலத்தில் மிகுதியான பொருள்களைக் கொண்ட சொல் எது என்ற கேள்விக்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட விடை 'செட்' என்பதே. 1928-இல் நிறைவு பெற்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு, 1989-இல் 20 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் இச்சொல்லுக்கு 430 பொருள்கள் தரப்பட்டிருந்தன. விளக்கம் ஏறத்தாழ 60,000 சொற்களுக்கு நீண்டது. ஒரு சொல்லைப் பற்றிய குறிப்பே ஒரு நூலளவு! பின்னர் அவ்வகராதியைத் திருத்தும் பணி தொடர்ந்தபோது பீட்டர் கில்லிவர் என்னும் பதிப்பாசிரியர் 'ரன்' என்னும் வினையை எடுத்து, சுமார் ஒன்பது மாதம் அதனோடு போராடி, 645 பொருள்களைக் கண்டார். இச்செய்தி 2011-இல் வெளியாயிற்று. 'ரன்' முந்திவிட்டது என்று பலரும் எழுதினர். ஆனால் திருத்திய கணக்கையும் திருத்தாத பழைய கணக்கையும் அருகருகே நிறுத்தி வெற்றி தோல்வி சொல்வது முறையன்று. இங்கு நாம் கருத வேண்டியது எண்ணிக்கையை அன்று. இவ்வளவு பொருள்கள் ஒரு சிறு சொல்லில் எவ்வாறு வந்து தங்கின என்பதே நம் கேள்வி.

வரலாற்றைப் பார்த்தால் வழி தெரிகிறது. 'செட்' என்பது உட்காருதலைக் குறிக்கும் சொல்லின் பிறவினை வடிவம். நம் இலக்கணத்தில் இரு, இருத்து என்று சொல்வதைப் போன்றது. இருக்கச் செய்தல் என்னும் அடிப்படைப் பொருளிலிருந்து நிறுத்துதல், பொருத்துதல், அமைத்தல், குறித்தல் எல்லாம் கிளைத்தன. ஆனால் தொகுதி என்னும் பொருளில் வரும் பெயர்ச்சொல் 'செட்', பிரெஞ்சு வழியாக இலத்தீனத்திலிருந்து வந்த வேறொரு சொல். ஒலி ஒன்றாக இருந்தமையால் இரண்டும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டன. 'ரன்' கதையும் இத்தகையதே. பழைய ஆங்கிலத்தில் ஓடுதலுக்கு ஒரு வடிவமும் ஓட்டுதலுக்கு வேறொரு வடிவமும் இருந்தன. காலப்போக்கில் அவை ஒரே வடிவமாயின. இன்று வண்டி ஓடினாலும் 'ரன்', வண்டியை ஓட்டினாலும் 'ரன்'. தமிழ் இவ்விரண்டையும் கலக்கவில்லை. ஓடு என்பது தன்வினை. ஓட்டு என்பது பிறவினை. ஓர் ஒற்று மிக, செயலுக்கு உரியவர் யார் என்பது தெளிவாகிவிடுகிறது.

பல பொருள் குறித்த ஒரு சொல்லைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே எண்ணிப் பார்த்திருக்கிறது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் அதனை இருவகையாகப் பிரிக்கிறார். அதனோடு வரும் வினையாலும், உடன் சொல்லப்படும் இனத்தாலும், சூழ்ந்திருக்கும் சார்பாலும் பொருள் விளங்குவது ஒரு வகை. அவ்வாறு விளங்காமையால் வெளிப்படையாகக் குறித்துச் சொல்ல வேண்டுவது மற்றொரு வகை. 'மா' என்னும் சொல்லை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். மா பூத்தது என்றால் மரம். மா வீழ்ந்தது என்றால் மரமோ விலங்கோ என்னும் ஐயம் எழும். நிகண்டுகளும் இதற்கெனத் தனி இடம் ஒதுக்கின. திவாகரத்தின் பதினோராம் தொகுதி, ஒருசொல் பல்பொருட் பெயர்த் தொகுதி. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தனர். 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தபோது, அதன் முதற்பகுதியாகிய பெயரகராதியில் ஒரு சொல்லின் பல பொருள்களை அகரவரிசைப்படி நிறுத்தினார்.

இந்த மரபு பெரிதும் பெயர்ச்சொற்களை நோக்கியே வளர்ந்தது. மா, வேழம், அரி போன்றவற்றின் பொருள்களைப் புலவர்கள் அடுக்கினர். வை, ஓடு, படு, எடு, போடு போன்ற சின்னஞ்சிறு வினைகள் எளிய சொற்கள் என்பதால் பெருமை பெறவில்லை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இவ்வினைகளுக்கு உரிய இடத்தைத் தந்தது. 1992-இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இன்றைய எழுத்து வழக்கிலிருந்து எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு இவற்றை விளக்கியது. ஆயினும் இவ்வினைகளின் வளத்தை நாம் முழுமையாக உணர்ந்திருக்கிறோமா என்பது ஐயமே.

'செட்' என்பதன் அருகில் நம் 'வை' என்பதை நிறுத்திப் பாருங்கள். தீ வைக்கிறோம், பொறி வைக்கிறோம், விலை வைக்கிறோம், தேர்வு வைக்கிறோம். இவை நான்கிலும் ஆங்கிலர் 'செட்' என்பார்கள். மேலும் ஒரு வியப்பு உண்டு. ஒரு செய்தி நம்மைச் சிந்திக்க வைத்தது என்கிறோம். இங்கு 'வை' தன் பொருளை உதறிவிட்டு, செய்யத் தூண்டுதல் என்னும் பொருளில் துணைவினை ஆகிறது. ஆங்கிலத்தில் 'செட்' என்பதும் இதே பணியைச் செய்கிறது. குறித்து வைத்தல், எடுத்து வைத்தல் ஆகியவற்றிலும் இரண்டு மொழிகளும் கைகோத்து நடக்கின்றன. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள், இருக்கச் செய்தல் என்னும் ஒரே விதையிலிருந்து இவ்வளவு ஒத்த கிளைகளை வளர்த்திருக்கின்றன.

பிரியும் இடங்களே நமக்குப் பெரும்பாடம். குழந்தைக்குப் பெயர் வைக்கிறோம், நெற்றியில் பொட்டு வைக்கிறோம், திருமணத்தில் மொய் வைக்கிறோம், அடுப்பில் குழம்பு வைக்கிறோம், ஒருவர் மேல் அன்பு வைக்கிறோம். இங்கெல்லாம் ஆங்கிலர் 'செட்' சொல்லமாட்டார். மறுபுறம், அவர் 'செட்' என்று ஒரே சொல்லால் முடிக்கும் இடங்களில் நமக்குத் தனித்தனி வினைகள் உண்டு. தயிர் உறைகிறது; சிமெண்டு இறுகுகிறது; மோதிரத்தில் கல்லைப் பதிக்கிறோம்; அச்சகத்தில் எழுத்துக் கோத்தார்கள்; பாட்டுக்கு மெட்டு அமைக்கிறோம்; பொழுது சாய்கிறது. ஆங்கிலத்தில் சூரியன் 'செட்' ஆகும் அதே நேரம், நம் வீடுகளில் விளக்கு வைக்கும் நேரம். அவர் வானத்தைப் பார்த்துச் சொன்னார். நாம் மாடத்தைப் பார்த்துச் சொன்னோம்.

'ரன்' என்பதற்கும் 'ஓடு' என்பதற்கும் வருவோம். ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, எண்ணம் ஓடுகிறது. இவ்வளவும் இரு மொழிக்கும் பொது. அதன்பின் பாதைகள் பிரிகின்றன. அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலில் ஓடுகிறார். இங்கிலாந்திலும் தமிழகத்திலும் அவர் நிற்கிறார். ஆங்கிலர் கடையை ஓட்டுகிறார். நாம் கடையை நடத்துகிறோம். நடத்துதல் என்பது நடக்கச் செய்தல். குடும்பம் நடத்துகிறோம் என்றால் அதில் ஒரு நிதானம், ஒரு மதிப்பு. குடும்பத்தை ஓட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவருடைய மாதக் கடைசி நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லில் இந்த வேறுபாடு இல்லை. நம் ஊர்ப் பேருந்தில் ஏறினால் ஓட்டுநர் ஒருவர், நடத்துநர் ஒருவர். ஓடச் செய்பவரும் நடக்கச் செய்பவரும் சேர்ந்தே நம்மைக் கொண்டு சேர்க்கிறார்கள்! திகைத்துப் போனவர் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்கிறார். கை ஓடும் என்று நினைத்த மொழி நம் மொழி.

இனிக் கவலைக்குரிய செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். வேற்றுமொழிச் சொல் வருவதைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பது என் கட்சி அன்று. 'செட்' தன் 430 பொருள்களோடும் தமிழுக்குள் வரவில்லை. பம்புசெட், படப்பிடிப்புச் செட், செட் தோசை, "அவர் எங்கள் செட்" என்று சிலவற்றோடுதான் வந்தது. அவற்றுள் பல நமக்குப் பயன்படுகின்றன. ஆனால் அண்மைக்காலத்தில் "செட் ஆகவில்லை" என்னும் ஒரு தொடர் பரவியிருக்கிறது. மாப்பிள்ளை செட் ஆகவில்லை. வேலை செட் ஆகவில்லை. சட்டை செட் ஆகவில்லை. ஊர்த் தண்ணீர் செட் ஆகவில்லை. முன்பு நாம் எவ்வாறு சொன்னோம்? வரன் அமையவில்லை, வேலை ஒத்துவரவில்லை, சட்டை பொருந்தவில்லை, தண்ணீர் உடம்புக்குச் சேரவில்லை. அமைதல் வேறு, ஒத்துவருதல் வேறு, பொருந்துதல் வேறு, சேர்தல் வேறு. நான்கு வினைகளின் நாற்காலியில் ஒரு சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலச் சொல் நுழைந்ததால் அன்று, நான்கு தமிழ் வினைகள் எழுந்து வெளியே போவதால்தான் நட்டம். நான்கு வேறு துயரங்கள் ஒரே துயரமாகத் தேய்ந்துவிடுகின்றன.

இதில் ஒரு முரணும் உண்டு. செட்டு என்பது நம் பழைய சொல். சிக்கனம் என்பது அதன் பொருள். செட்டாகக் குடித்தனம் செய்பவள் என்று ஒரு பெண்ணைப் புகழ்ந்து பேசுவார்கள். அச்செட்டு பொருளைச் சேமித்தது. இந்தச் 'செட்' சொல்லைச் சேமிக்கிறேன் என்று பொருளைச் செலவழித்துவிடுகிறது.

'ரன்' என்பதிலும் இதுவே நிகழ்கிறது. புதிய இயந்திரத்தையோ ஊர்தியையோ முதன்முதல் இயக்கிப் பார்ப்பதை 'டிரையல் ரன்' என்கிறோம். 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த ஊர் இது. சோதனை ஓட்டம் இவ்வூருக்குப் புதியதன்று. அதற்குத் தமிழில் வெள்ளோட்டம் என்றொரு சொல் உண்டு. புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவுக்கு முன் இழுத்துப் பார்ப்பது வெள்ளோட்டம். கோயில் தேருக்குப் பொருந்தியது இரும்புத் தேருக்கும் பொருந்தும். புதுச்சொல் படைக்கத் தேவையில்லை. இருப்பதை எடுத்து ஆண்டால் போதும்.

புதுச்சொல் படைக்க வேண்டிய இடமும் உண்டு. கணிதத்தில் வரும் 'செட்' என்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கணம் என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் தொடை என்கின்றன. கணம் என்பது கூட்டம், நொடிப்பொழுதையும் குறிக்கும். தொடை என்பது தொடுக்கப்பட்டது, மாலை, செய்யுளுறுப்பு, உடலுறுப்பும் ஆகும். இரண்டுமே பல பொருள் ஒரு சொற்கள். எந்த மாணவரும் இவற்றால் குழம்பியதாகத் தோன்றவில்லை. தொல்காப்பியர் சொன்ன சார்பு பொருளைக் காத்துக்கொள்கிறது.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். கவிதைக்கு அரிய சொல் வேண்டும் என்று நாம் அகராதியைப் புரட்டுகிறோம். அதனினும் பெரிய புதையல் வை, ஓடு, படு, எடு போன்ற எளிய வினைகளில் இருக்கிறது. அவை ஒவ்வொன்றும் வீட்டிலும் வயலிலும் பட்டறையிலும் புழங்கிப் புழங்கிப் பல பொருள்களை ஏற்றவை. ஒரு வரியில் 'வைத்தேன்' என்று எழுதும்போது தீயும் பொட்டும் அன்பும் விலையும் அதன் பின்னால் நிற்கின்றன. எதனை முன்னே அழைப்பது என்பது உங்கள் சார்பைப் பொறுத்தது. அதுபோலவே, 'செட்' என்று எழுதத் தோன்றும் இடத்தில் ஒரு நொடி நின்று, இங்கே உறைவது எது, இறுகுவது எது, பொருந்தாமற்போனது எது என்று கேளுங்கள். கேட்ட பிறகும் அதே சொல்தான் பொருத்தம் என்று பட்டால் தயங்காமல் எழுதுங்கள். லேத்தின் முன் நிற்பவரின் பேச்சாக அது வரலாம். கேளாமல் எழுதுவது ஒன்றைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பத்தாண்டுகளாக இவ்வட்டத்தை நடத்தியவர்களுக்கு என் நன்றி. ஓட்டினார்கள் என்று சொல்ல என் நா எழவில்லை. நிதானமாக, மதிப்போடு நடத்தியிருக்கிறீர்கள். இன்னும் பல்லாண்டு நடத்துங்கள்.