மூன்று நாட் பூ

1857ஆம் ஆண்டில் யப்பானிய ஓவியர் ஹிரோஷிகே வெளியிட்ட மர அச்சுப் படமொன்று, ஹொரிக்கிரி என்னும் ஊரின் பூந்தோட்டத்தைக் காட்டுகிறது. எடோ என அன்று வழங்கிய தோக்கியோ நகரின் புறத்தே அமைந்த தோட்டம் அது. படத்தின் முன்புறத்தில் ஐரிஸ் மலர்கள் ஓங்கி நிற்கின்றன. அவற்றைக் காணவந்த மாந்தரோ தொலைவில் மிகச் சிறியராய்த் தோன்றுகின்றனர். இத்தகைய படங்களைக் கண்டோர் பலர், ஐரிஸ் என்பது தாமரையைப் போல எந்நாளும் நீரில் நிற்கும் செடி என்று எண்ணிவிட்டனர். அவ்வெண்ணத்தினால் அழுகி மடிந்த செடிகள் சிலவல்ல.

ஐரிஸ் இனத்தில் ஏறத்தாழ முந்நூறு வகைகள் உண்டு. ஐரோப்பியத் தோட்டங்களில் வளரும் தாடி ஐரிஸ், உலர்ந்த நிலத்தையும் கடும் வெயிலையும் விரும்புவது. அதன் கிழங்கின் முதுகு மண்ணுக்கு மேலே தெரிந்து வெயிலில் காயவேண்டும். மண்ணை அணைத்து மூடினால் அழுகல் நோய் வந்து சேரும். யப்பானிலோ மூன்று உறவினர் பெயர்பெற்றவை. அயாமே மேட்டு நிலத்திற்கு உரியது. கக்கிற்சுபாத்தா நீர்நிலைக்கு உரியது. இரண்டிற்கும் இடைப்பட்டது ஹனாஷோபு. இலையை விரல்களிடையே வைத்துத் தடவினால், நடுவே நரம்பொன்று புடைத்திருப்பது புலனாகும். அதுவே ஹனாஷோபுவை இனங்காணும் எளிய வழி.

யப்பானியத் தோட்டங்களில் ஹனாஷோபுப் பாத்திகளுக்கு நீர் பாய்ச்சுவது உண்மையே. ஆனால் அது பெரும்பாலும் பூக்கும் பருவத்தில், காட்சிக்காகச் செய்வது. பருவம் முடிந்ததும் நீரை வடித்துவிடுவர். வளரும் காலத்தில் ஈரம் குறையக்கூடாது. குளிர்காலத்தில் வேரைச் சுற்றி நீர் தேங்கக்கூடாது. இந்த வேறுபாட்டை அறிவதே இச்செடியின் பராமரிப்பிற் பாதி.

இதனைப் பயிற்சியாலே கண்டவர்களுள் முதன்மையானவர் மற்சுடைரா ஷோவோ. 1773 முதல் 1856 வரை வாழ்ந்த இவர், கியோத்தோ நகரின் நிருவாகியாகவும் பதவி வகித்தவர். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் விதையிட்டு, முளைத்தவற்றுள் நல்லவற்றைத் தெரிந்து, மீண்டும் விதையிட்டார். விதையிலிருந்து வரும் செடி பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும் என்பதை நினைத்தால் அவருடைய பொறுமை விளங்கும். தாம் அறிந்தவற்றை வளர்ப்பு நூலாகவும் எழுதிவைத்தார். 'அண்டம்' என்னும் பொருளுடைய 'உச்சூ' என்று அவர் பெயரிட்ட பல்லிதழ்ப் பூ இன்றும் அழியாதிருக்கிறது.

தென்திசையிலுள்ள குமமோட்டோவின் பிரபு ஹொசோகாவா நரிமோரி, 1830களில் தம் பணியாளர் ஒருவரை ஷோவோவிடம் அனுப்பிச் செடிகள் வேண்டினார். ஷோவோ எளிதில் இணங்கவில்லை. பிறருக்குக் கொடுப்பதில்லை என்ற உறுதிமொழியின் பேரிலேயே கொடுத்தார். குமமோட்டோவின் அன்பர்கள் அவ்வுறுதியைத் தலைமுறைகளாகக் காத்தனர். பிற்காலத்தில் 'முழுமதிச் சங்கம்' என்னும் பெயர்பெற்ற அவர்களுடைய கூட்டத்திற்கு வெளியே ஒரு கிழங்கும் செல்லாது.

அவர்கள் பூவைத் தோட்டத்திற் பார்க்கவில்லை. சாடியில் வளர்த்து, மொட்டு விரியும் தறுவாயில் வீட்டினுள்ளே கொண்டுவந்து, பொன்னிறத் திரைக்கு முன்னே வரிசையாக நிறுத்தினர். தரையில் அமர்ந்தவரின் கண்ணுக்கு நேரே பூ நிற்கும். முதல் நாள் ஒரு தோற்றம், இரண்டாம் நாள் இதழ் முற்றும் விரிந்த தோற்றம், மூன்றாம் நாள் இன்னும் பெருத்துத் தளர்ந்த தோற்றம், அதன்பின் வாட்டம். இந்த மூன்று நாட்களுக்காகவே எஞ்சிய நாட்களின் உழைப்பு.

தைஷோ காலத்தில், அதாவது 1912க்கும் 1926க்கும் இடையில், அக்கட்டு ஒருவர் வழியாக உடைந்தது. செடிகள் வெளியே விற்பனைக்கு வந்தன. சொல் தவறியது குற்றமே என்பதில் ஐயமில்லை. ஆயினும் பூவின் பக்கம் நின்று பார்த்தால் வேறு விதமாகவும் எண்ணத் தோன்றும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஹொரிக்கிரித் தோட்டங்களே மூடுண்டு, நிலம் உணவுப் பயிருக்குப் போயிற்று. 1960இலேதான் அங்கு பொதுத் தோட்டம் திறக்கப்பட்டது. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் செடிக்கு அத்தகைய காலம் எவ்வளவு ஆபத்தானது! குமமோட்டோ வழிவந்த செடிகளோ கடல் கடந்தும் சென்றிருந்தன. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் வோல்ட்டர் மார்க்ஸ் என்பவர் அவற்றைக் கொண்டு 'மார்ஹிகோ' என்னும் புதுக் குலத்தையே உருவாக்கினார்.

இனி, சாடியில் வளர்க்கும் முறை. பூ உதிர்ந்த உடனேயே செடியைச் சாடியிலிருந்து எடுத்துப் பிரிக்கவேண்டும். ஒருமுறை பூத்த தண்டு மறுமுறை பூப்பதில்லை. ஆகவே அதனை நீக்கி, பக்கத்திற் கிளைத்த இளங்கன்றுகளை வேரோடு பிரித்து, இலைகளைப் பாதியாக நறுக்கி, ஆறேழு அங்குல அகலமுள்ள சாடிக்கு ஒன்றாக நடுவர். மண் புதியதாயிருத்தல் இன்றியமையாதது. ஒரே மண்ணில் மீண்டும் நட்டால் செடி நலியும். யப்பானியர் இதனை 'இயாச்சி' என்பர். நிலத்தில் நடுவோருக்கு மூன்றாண்டுக்கொருமுறை இடமாற்றம் போதும். சாடிக்கு ஆண்டுதோறும் வேண்டும்.

மண் சற்றுப் புளிப்புத் தன்மையுடையதாக இருத்தல் வேண்டும். சுண்ணாம்பு இச்செடிக்குப் பகை. எலும்புத் தூளும் ஆகாது, அதிலும் சுண்ணாம்பு உண்டு. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கல்லினூடே ஊறி வருவது. ஆகவே அங்கு முயல்வோர் மழைநீரைச் சேமித்தே ஊற்றவேண்டியிருக்கும். அத்துடன் குளிர்கால உறக்கமும் இதற்குத் தேவை. இலங்கையின் தாழ்நிலங்களில் இலை தழைத்தாலும் பூவை நம்பி இருக்கவியலாது.

நட்ட முதல் மாதம் பசளை வேண்டாம். புதுவேர் ஊன்றியபின், இலையுதிர் பருவத்தில் ஒருமுறையும் இளவேனிலின் தொடக்கத்தில் ஒருமுறையும் இடலாம். கோடையில் சாடியை ஆழமற்ற நீர்த்தட்டில் வைப்பது நன்று. குளிர் வந்து இலை பழுத்ததும் தட்டை அகற்றிவிட்டு, சாடியை வெளியிலேயே விடுவர். அன்பு மிகுந்து வீட்டினுள் எடுத்து வைக்கலாகாது. இளவேனிலில் நடுக்குருத்து மட்டும் வாடினால் உள்ளே துளைப்புழு இருக்கிறதென்று அறிந்து, அத்தண்டை அடியோடு வெட்டி எரிக்கவேண்டும்.

யூன் மாதத்தில் மொட்டு நிறங்காட்டும். முதற் பூ வாடியதும் அதனைச் சூலகத்தோடு கிள்ளிவிடுவர். விதை பிடித்தால் செடியின் வலு அங்கே போய்விடும். அதே உறையினுள்ளே இரண்டாவது மொட்டு காத்திருக்கிறது. சில நாட்களில் அதுவும் எழும். அதுவும் வாடிய அன்றே புதுமண்ணைச் சலித்துத் தயாராக வைத்துக்கொள்ளலாம்.